குடிக்காமல் வைத்த காப்பி

அம்மான்
பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணன் ஃபவ்வாஸுக்கு,

ஸலாம். இதை அபூ ஸக்ர் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய், அண்ணியையும் தடுக்கச் சொல்லியிருக்கிறாய். இர்பித் போகும் பஸ்ஸை மட்டும் உன்னால் தடுக்க முடியவில்லை. வாப்பாவோடு இருபது வருஷம் அதே சாலையில் பஸ் ஓட்டிய மனிதர், உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் காலத்துல யாரும்மா காகிதத்துல எழுதுறா? சண்டையாத்தான் இருக்கும்" என்றார். கட்டணமும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வாப்பாவை அடக்கி இன்றோடு ஒரு வாரம். துக்கம் கேட்க வந்தவர்களுக்காக மூன்று நாளும் நீ கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் மேலே பெண்களோடு இருந்தேன். மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நீ படியேறி வருவாய் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பிக்கப் கிளம்பிப் போகிற சத்தம்தான் கேட்டது.

ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன். போன வாரம் செவ்வாய் மாலை பனி கொட்டத் தொடங்கியதும் வாப்பா குடியிருந்த நம் ஜபல் குன்று முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் பக்கமும் சாலை மூடிவிட்டது. வியாழன் காலையில்தான் நடந்தே வாப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாப்பா நாற்காலியில் இருந்தார். ஆட்டுத்தோல் அங்கியைப் போர்த்திக்கொண்டு, சுவரில் மாட்டிய, வீட்டைச் சூடாக்கும் புது மின்சார மெஷினைப் பார்த்தபடி, ரிமோட்டைக் கையில் பிடித்தபடி. தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்தது உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உள் அறைக்கு ஓடி அந்தப் பழைய கேஸ் ஹீட்டரைத் தேடினேன். அது அங்கே இல்லை.

அது டிசம்பரிலேயே இல்லை. நீ பிக்கப்பில் வந்துபோன அடுத்த வெள்ளிக்கிழமை உள் அறைக்குப் போனபோதுதான் நான் கவனித்தேன். "ஹீட்டர் எங்க வாப்பா?" என்று கேட்டதற்கு, "போக வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். நீ எடுத்துப் போயிருப்பாய் என்று விட்டுவிட்டேன். உன்மேல் பழி போட எழுதவில்லை. ஆனால் எதற்காக எடுத்துப் போனாய் அண்ணா? உன் வீட்டில் இரண்டு இருக்கிறதே.

இருபத்தேழாம் தேதி பள்ளிக்கூட மண்டபத்தில் நகராட்சி கூட்டும் கூட்டத்துக்கு நீ வந்து என்னைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று வாப்பாவின் கீழ்வீட்டு உம்மு ஹாத்திம் சொன்னாள். பேசு. அதற்கு முன்னால் எனக்குப் பதில் எழுது.

ஹனாதி

*

இர்பித்
பிப்ரவரி 9

ஹனாதிக்கு,

கடையில் வேறு காகிதம் இல்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கிரீஸ் கறையைப் பொறுத்துக்கொள்.

நான் எடுத்துப் போனேனா? உனக்கு வெட்கமாக இல்லையா? டிசம்பரில் வாப்பாவைப் பார்க்க வந்தேன். வெளியே எலும்பைக் குடையும் காற்று. உள்ளே அந்த மெஷின் புஸ்புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது, அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். "ஹீட்டர் எங்க?" என்று நானும்தான் கேட்டேன். அவர் சொன்ன பதிலை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஹனாதி கேட்டா. கொடுத்துட்டேன்."

புரிகிறதா? நீ கேட்டாய். அவர் கொடுத்தார். எண்பத்தொரு வயது மனிதரிடமிருந்து நெருப்பைப் பிடுங்கிக்கொண்டு, கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாய். எதற்கு? உன் பருவநிலைக் கமிட்டிக்கு ஒரு புகைப்படம் வேண்டும். பஸ் நிலையச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. வாப்பா அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கீழே கொட்டை எழுத்தில், 'ஜபலில் முழு மாற்றம் பெற்ற முதல் வீடு.' அபூ ஸக்ர் தினமும் பஸ்ஸை எடுக்கும் முன் அந்தப் படத்துக்கு ஸலாம் சொல்கிறாராம். என்னிடம் சொல்லி அழுதார்.

ஊருக்குத் திட்டம் போடுகிறீர்கள். இருபது வருஷம் கழித்து வெயில் எவ்வளவு ஏறும் என்று வரைபடம் போடத் தெரிகிறது. ஜனவரியில் பனி கொட்டினால் கரண்ட் போகும் என்பது தெரியவில்லை. அந்த ஜபலில் மூக்கு ஒழுகும் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

இருபத்தேழாம் தேதி வருகிறேன். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "என் தங்கை என் வாப்பாவின் ஹீட்டரைப் பிடுங்கினாள்" என்று சொல்வேன். அதற்குப் பிறகு எவன் உன் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான் என்று பார்க்கிறேன்.

ஃபவ்வாஸ்

*

அம்மான்
பிப்ரவரி 13

அண்ணா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். "ஹனாதி கேட்டா" என்ற வரி வரும்போதெல்லாம் படிக்க முடியாமல் நின்றேன். நான் கேட்கவே இல்லை. குர்ஆன் மேல் சத்தியம் செய்கிறேன், ஹீட்டரைக் கொடு என்று நான் கேட்கவில்லை.

உனக்கு எங்கள் கமிட்டி என்றாலே இளக்காரம். எப்படித் தொடங்கியது என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நீ கேட்டதுமில்லை. போன வருஷக் குளிரில் மூன்றாம் படிக்கட்டு வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளும் கேஸ் ஹீட்டர் புகையில் தூக்கத்திலேயே போனார்களே, அந்தத் தாய் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். உடல்களைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. சின்னவனின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. அந்தப் புகையில் இறப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம். அதற்கு அடுத்த மாதம் நகராட்சி ஆட்கள் வந்து, 'பருவநிலைத் திட்டத்துக்கு உங்கள் கருத்து வேண்டும்' என்றபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

அவர்கள் வெயிலைப் பற்றிக் கேட்க வந்தார்கள். ஜபல் சனங்கள் குளிரைப் பற்றியே பேசினார்கள். ஈரச் சுவர், இருமல், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இருநூறு படி ஏறுவது. பொறியாளர் வஸ்ஃபி தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கூரையில் சூரியத் தகடு, வீட்டுக்குள் புது வயரிங், கேஸுக்குப் பதிலாக மின்சார மெஷின் என்று அப்படித்தான் முடிவானது. அப்போது உம்மு ஹாத்திம் எழுந்தாள். "மெஷின் ஒரு குளிரைத் தாண்டிக் காட்டட்டும். அதுவரைக்கும் எந்த வீட்லயும் கேஸை வெளிய போடக் கூடாது. எழுதிக்கங்க" என்றாள். எழுதிக்கொண்டோம். திட்டத்தில் ஏழாவது அம்சம் அதுதான். நகலை இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார். ஒரு வருஷம் பழைய ஹீட்டர் வீட்டிலேயே இருக்க வேண்டும். கரண்ட் போகும் என்று எங்களுக்குத் தெரியும் அண்ணா. எங்கள் மூக்கும்தான் ஒழுகுகிறது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நான், ஜிர்யிஸ் வாத்தியார், வஸ்ஃபி மூவரும் வாப்பாவிடம் போனோம். அவர் கையெழுத்துப் போட்டால் பாதி ஜபல் போடும். அவரே காப்பி வைத்து ஊற்றினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "குடிங்க, காப்பியக் குடிங்க. வந்த காரியம் முடிஞ்சுது" என்றார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா எனக்கு? ஏழாவது அம்சத்தையும் அன்றே வஸ்ஃபி படித்துக் காட்டினார்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. டிசம்பரில் ஹீட்டர் இல்லை என்று தெரிந்ததும் வருத்தப்பட்டிருக்க வேண்டும். நான் வருத்தப்படவில்லை. ஒரு கேஸ் ஹீட்டர் குறைந்தது என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன். படிவத்தில் 'முழு மாற்றம்' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன். புகைப்படக்காரனை நான்தான் கூட்டிப்போனேன். இதற்காக நீ என்னைத் திட்டு. நான் செய்யாததற்காகத் திட்டாதே.

நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை என்றால் அது எங்கே?

ஹனாதி

*

இர்பித்
பிப்ரவரி 16

ஹனாதிக்கு,

வெள்ளிக்கிழமை ஜபலுக்கு வந்திருந்தேன். கபுருக்குப் போய் துஆ செய்துவிட்டுத் திரும்பும்போது உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. வரப் பிடிக்கவில்லை.

கீழே முனையில் கேஸ் லாரி அதன் பாட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. லாரிக்காரன் ரஸ்மி என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கட்டிக்கொண்டான். "உங்க வாப்பா ஹீட்டர் பத்திரமா இருக்குங்க. சொன்னா வாங்கி அனுப்பிடுறேன்" என்றான். சட்டையைப் பிடித்து உலுக்காத குறையாக விவரம் கேட்டேன்.

நவம்பரில், நீங்கள் வந்துபோன மறுநாளே, வாப்பா மாடியிலிருந்து கைதட்டி லாரியை நிறுத்தியிருக்கிறார். ஹீட்டர், இரண்டு சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் படிக்கட்டில் இருக்கும் சிரியாக்காரக் கிழவிக்குக் கொடுக்கச் சொன்னாராம். ரஸ்மி, "குளிர் வருதே அபூ ஃபவ்வாஸ், இப்பப் போயி கொடுக்கிறீங்களே?" என்று கேட்டிருக்கிறான். வாப்பா சொன்ன பதிலை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"என் மக ஜாஹாவா வந்தாப்பா. கோப்பையக் கீழ வச்சா. நான் குடிங்கன்னு சொன்னேன், அப்பவும் தொடல. அப்படியே வச்சிட்டுப் போயிட்டா. நான் கொடுத்தது பத்தலைன்னுதானே அர்த்தம்? வேற எங்கிட்ட என்ன இருக்கு? இதத்தான் கேக்கிறா போல."

ஹனாதி, வாப்பா யார் என்று உனக்கு மறந்துவிட்டதா? வயசுக் காலத்தில் எத்தனை ஜாஹாவில், ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒன்றைக் கேட்கப் போகிற எத்தனை கூட்டத்தில், முன்னால் போய் உட்கார்ந்தவர். பெண் கேட்க, கொலைப் பகையில் சமாதானம் கேட்க, விபத்தில் மன்னிப்புக் கேட்க. காப்பி வரும், கோப்பையைக் கீழே வைப்பார், கேட்டது கிடைக்கும்வரை வாயில் வைக்க மாட்டார். எதிராளி "குடிங்க" என்றால் முடிந்தது. குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். 'குடிங்க' என்று சொன்ன பிறகும் ஒரு கோப்பை நிறைந்தபடி நின்றால் அது அந்த வீட்டுக்கே அவமானம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவர் முன்னால் போய்க் கோப்பையைக் கீழே வைத்திருக்கிறாய். அதுவும் மகள். அதுவும் ஊர் ஆட்களை வைத்துக்கொண்டு.

என்னிடம் ஏன் முழுதாகச் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. ஜாஹாவில் கொடுத்ததைத் தன் பிள்ளைகளிடம் சொல்லிக்காட்ட மாட்டார்.

நீண்ட கடிதம் எழுதாதே. ஏழாவது அம்சம், எட்டாவது அம்சம் என்று எனக்கு அனுப்பாதே. ஒன்றே ஒன்று சொல். அந்தக் காப்பியை நீ ஏன் குடிக்கவில்லை?

ஃபவ்வாஸ்

*

அம்மான்
பிப்ரவரி 19

அண்ணா,

அன்று நான் நோன்பு.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மேலே எழுத வெட்கமாக இருக்கிறது. தங்கை அண்ணனுக்கு எழுதுகிற விஷயமா இது? ஆனாலும் எழுதுகிறேன். ரமலானில் பெண்களான எங்களுக்கு நோன்பு விட்டுப்போகிற நாட்கள் இருக்கின்றன, எதனால் என்று உனக்குத் தெரியும். அதைப் பிறகு கணக்குத் தீர்க்க வேண்டும். பகல் குறைவாக இருக்கிறதே என்று நவம்பரில் பிடிப்பேன். அண்ணியும் அப்படித்தான் பிடிப்பாள், கேட்டுப் பார்.

வாப்பா கோப்பையை நீட்டியபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை. திங்களாகவோ வியாழனாகவோ இருந்தால் எல்லாரும் பிடிக்கிற சுன்னத் நோன்பு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அன்று செவ்வாய். நோன்பு என்று வாயைத் திறந்தால் வாப்பாவுக்கு, வஸ்ஃபிக்கு, ஜிர்யிஸ் வாத்தியாருக்கு, மூன்று ஆண்களுக்கும் அந்த நொடியே காரணம் புரிந்துவிடும். நாற்பத்திரண்டு வயதில் நான் பத்து வயதுப் பெண்போலக் கூசிப்போனேன். வாங்கி, பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்துவிட்டேன். பேச்சு மும்முரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"குடிங்க, வந்த காரியம் முடிஞ்சுது" என்று அவர் சொன்னபோது அது எந்த இடத்தில் சொல்கிற வார்த்தை என்று எனக்குத் தெரியாமலா போகும்? தெரியும். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பெரிய மனுஷிபோல ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே, இவளுக்கும் ஒரு ஜாஹா மரியாதை கொடுப்போம் என்று விளையாடுகிறார் என்று. கையெழுத்து அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது. அதனால் அந்த விளையாட்டை நான் கலைக்கவில்லை. "இல்ல வாப்பா, நான் ஜாஹாவா வரல, உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

கிளம்பும்போது முக்காலியைப் பார்த்து, "குடி வாப்பா" என்றார். சின்ன வயதிலிருந்து என்னையும் அவர் வாப்பா என்றுதானே கூப்பிடுவார். "அப்புறம் வாப்பா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மேலே நின்று அவர் எதை யோசித்துக்கொண்டிருந்தார் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

அவருக்குக் குளிரவில்லையா என்று நான் வெள்ளிதோறும் கேட்டேன். "நல்லா இருக்கும்மா உன் மெஷின்" என்றே சொன்னார். ஜபலின் பெயர்போன சமாதானக்காரரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன் என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை அண்ணா. மகளை வெறுங்கையோடு அனுப்ப முடியாமல் கொடுத்திருக்கிறார்.

இருபத்தேழாம் தேதி நீ பேச வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். நீ வந்து உட்கார்ந்தால் போதும். நீ வருவாயா?

ஹனாதி

*

அம்மான்
பிப்ரவரி 28

அண்ணா,

நீ வரவில்லை. கடைசி வரிசையில் உனக்கு ஒரு நாற்காலியைப் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன். கூட்டம் முடியும்வரை அது காலியாகவே இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி முதலில் பேசினார். திட்டத்தின் முதல் பக்கத்தைப் படித்தார். 'ஜபல் மக்களின் முழு ஒப்புதலோடு தயாரிக்கப்பட்டது' என்ற வரி வந்ததும் நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பை, முக்காலி, வாப்பா ரஸ்மியிடம் சொன்னது, டிக் போட்டது, படம் எடுத்தது. ஏன் குடிக்கவில்லை என்பதைச் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டேன். முன்வரிசை ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். உம்மு ஹாத்திம்தான் சத்தம் போட்டாள். "சொல்லு புள்ள, இதுல என்ன இருக்கு? இங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் நவம்பர்லதான் பிடிக்கிறோம். உங்கம்மாவும் அப்பத்தான் பிடிச்சா."

சொல்லி முடித்து உட்கார்ந்ததும் ஜிர்யிஸ் வாத்தியார் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "நீ கோப்பைய வச்சத நான் பாத்தேன்மா. வேணும்னுதான் செய்றேன்னு நெனச்சேன். சாமர்த்தியக்காரி, பெரியவர அவர் வழியிலயே மடக்கிட்டான்னு வீட்டுக்குப் போயி என் பொண்டாட்டிகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னேன். நானாவது கேட்டிருக்கணும்." சொல்லிவிட்டு அவர் இடத்துக்குப் போகாமல் வெளியே போய்விட்டார்.

பிறகு உம்மு ஹாத்திம் தன் பங்கைச் சொன்னாள். பனி கொட்டிய புதன்கிழமை காலையிலும் மதியத்திலும் மேலேறி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். தன் வீட்டு ஹீட்டர் பக்கம் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறாள். கதவைத் திறக்காமலே, "நல்லா இருக்கேன், இப்ப வந்துரும் கரண்ட்" என்றிருக்கிறார் வாப்பா. "கொடுத்துட்டு ஒக்காந்திருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்திருக்காரு. கதவ ஒடச்சிருக்கணும் நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிகாரி கூட்டத்தை முடிக்கப் பார்த்தார். சனங்கள் விடவில்லை. பல வீடுகள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டன. மற்றவர்கள் உட்கார்ந்து ஏழாவது அம்சத்தை மறுபடி எழுதினார்கள். பனி நாளில் ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒரு வீட்டுக் கதவு திறந்தே இருக்க வேண்டும், அங்கே கேஸ் எரிய வேண்டும். முதியவர் வீட்டில் 'நல்லா இருக்கேன்' என்ற பதிலை ஏற்கக் கூடாது, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கடைசியாக உம்மு ஹாத்திம் விரலை நீட்டிச் சொன்னாள். "சம்மதம் கேக்கப் போறவங்க மூணு தடவ போகணும். மூணாவது தடவ காப்பி இல்லாம கேக்கணும்." வஸ்ஃபி பேனாவோடு விழித்தார். பிறகு, 'ஒப்புதல் பெறும் நேரத்தில் எந்தப் பானமும் பரிமாறப்படக் கூடாது' என்று எழுதினார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து, அது அழுகையாகிவிட்டது.

கையெழுத்து வாங்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். கதவு தட்டும் பட்டியலில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பஸ் நிலையப் படத்தை நானே கிழிக்கப் போனேன், அபூ ஸக்ர் விடவில்லை. "இருக்கட்டும்மா. எனக்கு வேற எங்க கெடைப்பார் அவர்?" என்றார்.

என்மேல் உனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீராது. ஆனால் எதற்காக வரவில்லை என்று மட்டும் எழுது.

ஹனாதி

*

இர்பித்
மார்ச் 14

ஹனாதிக்கு,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். அபூ ஸக்ர் தினமும் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, "இருக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்று கையைக் காட்டி அனுப்புகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, ரமலான் ஜும்ஆ. நோன்பு வாயை வைத்துக்கொண்டு இனியும் இழுத்தடிக்க முடியவில்லை.

கூட்டத்துக்கு வந்தேன். மண்டபத்துக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே பிக்கப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ பேசியது எல்லாம் கேட்டது. ஜிர்யிஸ் வாத்தியார் வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அப்போதே உள்ளே வந்து நானும் சொல்லியிருக்க வேண்டும். இறங்கத் தைரியம் வரவில்லை.

டிசம்பரில் ஹீட்டர் இல்லை என்றதும் நான் வாப்பாவிடம் கத்தினேன். உன்னைத் திட்டினேன், அவர் தடுத்தார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கிளம்பும்போது, "குளிர்ல வெறச்சா என்னக் கூப்பிடாதீங்க வாப்பா, உங்க நகராட்சியக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா கூப்பிட்டார். கடையில்தான் இருந்தேன். போன் மேசைமேல் இருந்தது. பெயரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. நான்கு தடவை கூப்பிட்டார் ஹனாதி. அம்மானில் பனி என்று டிவியில் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று தெரியும். நான் சொன்னது பலித்துவிட்டது என்று தெரிந்தே எடுக்கவில்லை. ஒரு நாள் குளிரட்டும், அப்போதுதான் மகன் சொன்னது புரியும் என்று நினைத்தேன். ஒரு நாள் குளிரட்டும் என்றே நினைத்தேன். எழுதிவிட்டேன்.

புதன்கிழமை நான் கூப்பிட்டேன். அவர் போன் செத்துப்போயிருந்தது. சார்ஜ் இல்லாமல் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ரஸ்மிக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஹீட்டர் மேலே போயிருக்கும். ரஸ்மியின் நம்பர் என்னிடம் இருக்கிறது.

உன்னை ஏன் அவர் கூப்பிடவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உனக்குக் கொடுத்ததை உன்னிடமே திரும்பக் கேட்க அவருக்கு வராது. என்னிடம்தான் கேட்க முடியும், நான் மகன். கேட்டார்.

துக்கத்தின் மூன்றாம் நாள் உன் முகத்தைப் பார்க்காமல் போனேனே, அது கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் நினைக்க வைத்தேன். யாராவது ஒருத்தர் என்னைவிடப் பெரிய குற்றவாளியாக எனக்கு வேண்டியிருந்தது. நீ கோப்பையைக் கீழே வைத்தது தெரியாமல். நான் போனை எடுக்காமல் விட்டது தெரிந்தேதான்.

பெருநாளுக்கு அண்ணன் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வருஷமும் போக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். வாப்பா வீட்டிலேயே வந்து நிற்கிறேன், நீ அங்கே வா. துக்க வருஷம், பலகாரம் இருக்காது, கசப்புக் காப்பி மட்டும்தான் இருக்கும். எனக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடு. நான் கீழே வைப்பேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். 'குடி' என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போனில் கூப்பிடாதே. அது அடித்தால் இப்போதெல்லாம் கடையை விட்டு வெளியே போய்விடுகிறேன்.

ஃபவ்வாஸ்

*

அம்மான்
மார்ச் 26

அண்ணா,

உன் கடிதத்தை வாப்பா வீட்டில் வைத்துத்தான் படித்தேன். சாவி என்னிடம் இருந்தது. அவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன். மெஷின் சுவரிலேயே இருக்கிறது. ரிமோட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை, தேடவும் இல்லை.

படித்து முடித்ததும் உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. நான்கு தடவை. அவர் நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் பனியில் சிக்கியிருந்த அந்த இரண்டு நாளும், அவர் யாரையும் கூப்பிடவில்லை என்றால் நன்றாகத்தான் இருப்பார் என்று சொல்லிச் சொல்லித்தான் பொறுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சமாதானமும் போய்விட்டது. இத்தனை நாள் நீ என்னை எழுத வைத்து வேடிக்கை பார்த்தாயே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பிக்கப்பில் ஜன்னலுக்குக் கீழே நீ உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

அந்தச் சிரியாக்காரக் கிழவி போன வாரம் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். "இது எனக்கு வேண்டாம்மா, இதுக்குப் பக்கத்துல ஒக்கார முடியல" என்று அழுதாள். திரும்பவும் அவள் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தேன். ஏழாவது அம்சப்படி அந்தக் கட்டிடத்தில் பனி நாளுக்குத் திறந்திருக்கும் வீடு அவளுடையதுதான் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அவள் காப்பி வைக்க எழுந்தபோது வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெருநாளன்று வா. தொழுகை முடிந்ததும் நேராக வாப்பா வீட்டுக்கு வா. அண்ணியையும் பிள்ளைகளையும் பிறகு வரச் சொல், முதலில் நீ மட்டும் வா. காப்பி வைத்திருப்பேன். உன் முன்னால் வைப்பேன். நீ கீழே வை.

அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை அண்ணா. அந்த வார்த்தை என் வாயில் வருமா என்று எனக்கே தெரியவில்லை. எழுதிப் பார்த்தேன், எழுதக்கூட வரவில்லை. நீ உட்கார்ந்திரு. காப்பி ஆறினால் மறுபடி சுட வைத்துக் கொண்டுவருகிறேன், அதுவும் ஆறினால் இன்னொரு தடவை. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திரு. நான் செய்ததுபோல அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடாதே.

ஹனாதி